மூன்றாவது ஓலை

என் மகள் ரூபிக்கு வலிப்பு நின்றது கடவுளாலா, டாக்டராலா என்று என்னிடம் யாரும் கேட்க வேண்டாம். கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. இரண்டும் ஒரே மாதத்தில் நடந்தன. மாதத் தொடக்கத்தில் டாக்டர் பழைய மாத்திரையை நிறுத்திவிட்டுப் புதிதாக ஒன்று எழுதிக் கொடுத்தார். மாதக் கடைசியில் என் மனைவி சலேத்மேரி அவளைச் சிராங்கூன் ரோட்டில் ஒரு மாவு மில்லுக்கு மேல்மாடியில் நடக்கும் செபக்கூட்டத்துக்கு அழைத்துப்போனாள். அங்கே பிரதர் சுவிசேஷமுத்து ரூபியின் தலையில் கை வைத்தார். அவள் விழுந்தாள், எழுந்தாள். அதற்குப் பிறகு வலிப்பு வரவில்லை. சலேத்மேரி இது அதிசயம் என்றாள். நான் நல்லது என்றேன். அதற்கு மேல் ஆராய்ச்சி எனக்குத் தேவைப்படவில்லை.

எனக்குத் தேவைப்பட்டது ஒன்றே ஒன்று. வலிப்பு விஷயம் வெளியே தெரியக் கூடாது.

பள்ளிக்கூட வயதில் வந்த நோய் அது. எங்கள் ஆட்களிடையே வலிப்பு என்றால் அது மூளையில் வரும் நோய் அல்ல. பேய், சாபம், பரம்பரைக் கோளாறு, இவற்றில் சொல்பவருக்கு எது பிடிக்கிறதோ அது. ஒரு பெண்ணுக்கு இருக்கிறது என்று தெரிந்தால் அவளுடைய சித்தப்பா மகளுக்கும் மாப்பிள்ளை கிடைக்காது. நான் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் கணக்கெழுதும் தலைமைக் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன். நற்கருணைப் பவனியில் சாமியாருக்குப் பட்டுக்குடை பிடிப்பவன். எனக்கு முன் என் அப்பா பிடித்தார். ஆம்ப்ரோஸ் வீடு என்றால் எங்கள் கோயிலைச் சேர்ந்த பங்கில் மரியாதையோடு குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். அந்த வீட்டில் ஒரு பெண் தரையில் கிடந்து துடிக்கிறாள் என்று எவனும் கோயில் வாசலில் நின்று பேசும்படி நான் விடப்போவதில்லை.

ஆகவே மறைத்தோம். ஒழுங்காக மறைத்தோம். ஃபேரர் பார்க் அடுக்குமாடியில் பக்கத்து வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரு செங்கல் சுவர்தான். ரூபிக்கு வலிப்பு வந்தால் சலேத்மேரி முதலில் ரேடியோவைச் சத்தமாக வைப்பாள், பிறகுதான் பிள்ளையிடம் ஓடுவாள். பக்கத்து வீட்டு ரத்தினம்மா, "உங்க வீட்டுல பாட்டுக்கு நேரம் காலமே கிடையாதுலா, ஐயா" என்று என்னிடம் சிரித்துக்கொண்டே குறைப்பட்டிருக்கிறாள். பாட்டுப் பைத்தியம் என்ற பெயர் எனக்குச் சம்மதமே.

செபக்கூட்டத்திலிருந்து வந்த அன்றே மாத்திரைகளைக் குப்பையில் போடப் போனாள் சலேத்மேரி. ஆண்டவர் குணமாக்கிய பிறகு மாத்திரை சாப்பிடுவது அவர் முகத்தில் அடிப்பது மாதிரி என்றாள். புட்டியை அவள் கையிலிருந்து வாங்கி என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அன்றிலிருந்து அது என் பொறுப்பு. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் நடைபாதைப் பக்கத்து ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று ரூபியிடம் ஒரு மாத்திரை கொடுப்பேன். வெளியே விருந்துக்குப் போனால் புட்டி என் கோட்டுப்பையில் வரும். அவள் என்னிடம் வந்து, "அப்பா, தண்ணி வேணுமா?" என்று கிளாஸை நீட்டுவாள். நான் குடித்துவிட்டு கிளாஸைத் திருப்பிக் கொடுக்கும்போது மாத்திரையும் அவள் கைக்குப் போய்விடும். எத்தனையோ கல்யாண வீடுகளில், எத்தனையோ கண்களுக்கு முன்னால். ஒருவரும் பார்த்ததில்லை.

இரண்டு வருஷம் இப்படி அமைதியாகப் போனது. எண்பத்திரண்டில் காத்தோங்கிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையன் பெயர் அலெக்சாண்டர். சாங்கி விமான நிலையத்தில் டெக்னீஷியன். அம்மா உர்சுலா, தினப்பூசை தவறாதவர். அப்பா நீரிழிவுக்காரர், காலில் ஆறாத புண். நல்ல குடும்பம். ரூபிக்குப் பையனைப் பிடித்திருந்தது. அவள் அதைச் சொல்லவில்லை, ஆனால் அலுவலகத்திலிருந்து வந்ததும் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு பாத்திரம் கழுவினாள். எங்கள் வீட்டில் பாட்டு ரேடியோவிலிருந்துதான் வரும் என்று பழகிப்போன எனக்கு அது போதுமானதாக இருந்தது.

எங்கள் வழக்கத்தில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்க வேண்டும் என்பதுதான் ஓலை. இப்போது அது தட்டச்சு செய்த தாள். பெயர் மட்டும் ஓலை. முதல் ஓலை வாசித்த ஞாயிறு நான் முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். தடை அறிந்தவர் யாருமில்லை.

அந்தத் திங்கள்கிழமை ரூபி கைதவறி ஒரு பீங்கான் கோப்பையை உடைத்தாள். யார் வீட்டிலும் நடக்கும் காரியம். சலேத்மேரி அந்தத் துண்டுகளைக் குப்பையில் போடாமல் அன்று முழுவதும் எடுத்து எடுத்துப் பார்த்தாள். விஷயம் பிறகுதான் தெரிந்தது. பெற்ற குணத்தைச் சபையில் சாட்சி சொல்லாவிட்டால் அது திரும்பிப் போய்விடும் என்று சுவிசேஷமுத்து எப்போதோ பொதுவாகச் சொல்லியிருக்கிறார். இரண்டு வருஷமாக அதை இவள் மனசில் போட்டு வைத்திருக்கிறாள். கோப்பை உடைந்ததும் நாள் நெருங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

சாட்சி சொன்னால் கல்யாணம் போய்விடும். சொல்லாவிட்டால் குணம் போய்விடும். இதற்கு என் மனைவி கண்டுபிடித்த வழி உட்லண்ட்ஸ். அங்கே புதிய பிளாக்கில் ஒரு வீட்டில் வியாழக்கிழமை செபக்கூட்டம் நடக்கிறது. ஜோகூர் போய்வரும் ஆட்களும் புதிதாகக் குடியேறியவர்களும்தான் வருவார்கள், எங்களைத் தெரிந்தவர் ஒருவரும் கிடையாது. என்னிடம் தேக்கா மார்க்கெட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு பஸ் மாறி மாறிப் போயிருக்கிறாள். எழுந்து நின்று, என் மகளுக்கு இத்தனை வருஷம் வலிப்பு இருந்தது, பிரதர் கை வைத்தார், நின்றுவிட்டது, ஆண்டவருக்கு நன்றி என்று சொல்லியிருக்கிறாள். பெயர் சொல்லவில்லை. பங்கு சொல்லவில்லை. தெரு சொல்லவில்லை. அதுவரைக்கும் கெட்டிக்காரி.

சாட்சி முடிந்த பின் வேண்டுதல் நேரம். ஒவ்வொருவரும் தாங்கள் யாருக்காக வேண்டுகிறோம் என்று சொல்ல, மற்றவர்கள் ஆமென் சொல்வார்கள். நாற்பது வருஷமாக வீட்டுச் செபமாலையில் ஆளுக்கு ஆள் பெயர் சொல்லி வேண்டியே பழகிய வாய். பெயர் சொல்லாமல் வேண்டினால் அது யாருக்குப் போய்ச் சேரும் என்பது அவள் எண்ணம். இவள் முறை வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு, "கல்யாணம் ஆகப்போற ரூபிக்காகவும் காத்தோங் அலெக்சாண்டருக்காகவும் மன்றாடுவோம்" என்று கணீரென்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து இதைச் சொல்லும்போதும் அவளுக்குத் தான் என்ன செய்தோம் என்று புரியவில்லை. நான் சொன்ன பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

சிங்கப்பூர் என்ன அவ்வளவு பெரிய ஊரா? இரண்டாவது ஓலை வாசித்த ஞாயிறு நான் கோயிலுக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றது. எங்கள் பெஞ்சில் வழக்கமாக உட்காரும் மாதா சபைப் பெண்கள் எல்லாருக்கும் அன்று தூணுக்குப் பின்னால்தான் காற்று வந்தது போலும். ரூபி தனியாக உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பூசை முடிந்ததும் என் தம்பி மகள் ஆனி வந்து நெளிந்தாள். அவள் குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு ரூபிதான் ஞானத்தாயாக நிற்பதாகப் பேச்சு. இப்போது புருஷன் வீட்டில் வேறொருவரைப் பார்த்துவிட்டார்களாம். கல்யாண வேலை நேரத்தில் அக்காவுக்கு ஏன் சிரமம் என்றாள்.

அதே ஆனி செவ்வாய்க்கிழமை குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். குழந்தைக்கு மூச்சு இரைக்கிறதாம். ரூபி அக்கா நெஞ்சில் கொஞ்சம் கை வைத்தால் நன்றாக இருக்கும் என்றாள். ஞானத்தாயாகக் குழந்தையைப் பிடிக்க அந்தக் கை ஆகாது. இரைப்புக்கு மருந்தாக ஆகும். இதை நான் அவளிடமே கேட்டேன். அவள், "அது வேற, இது வேற, பெரியப்பா" என்றாள். எப்படி வேறு என்று சொல்லவில்லை.

ஆனி முதல் ஆள், அவ்வளவுதான். அந்த வாரம் என் வீட்டு வாசல் அரசாங்கக் கிளினிக் மாதிரி ஆனது. வாய் பேசாத பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். குடிகாரப் புருஷனின் சட்டையைக் கொண்டுவந்தார்கள். பொங்கோலிலிருந்து பன்றிப் பண்ணைக்காரர் ஒருவர், சீனர், பக்கவாதம் வந்த தம் அம்மாவை வேனில் ஏற்றிவந்து கீழே நிறுத்திவிட்டு, பழக்கூடையோடு மேலே வந்து என்னை மூன்று முறை வணங்கினார். ரத்தினம்மாகூட மிச்சமில்லை. அவள் கும்பிடுவது முருகனை. ஆனாலும் தன் முழங்காலை நீட்டிக்கொண்டு எங்கள் ஹாலில் உட்கார்ந்துவிட்டாள்.

"எந்தச் சாமியா இருந்தா என்னலா, ஐயா. வலி எனக்குத்தானே" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்ப அந்த ரேடியோ..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

ரூபி யார் மீதும் கை வைக்கவில்லை. எனக்குத் தெரியாதுங்க, நான் ஒன்றும் செய்யவில்லைங்க என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சொல்லி அவள் தொண்டை கட்டிவிட்டது. அதை அவர்கள் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். ரூபி என்னிடம் சொன்னது ஒன்றுதான். "அப்பா, முன்னாடி எனக்கு வலிப்பு வந்தா மட்டும்தான் நோய். இப்ப வராத நாள்லயும் எல்லாரும் அதையேதான் பாக்குறாங்க. நான் அவர் வீட்டுக்கு ஒரு சாதாரண பொண்ணா போகணும், அவ்வளவுதான்." அவர் என்றது அலெக்சாண்டரை. விமான நிலையத்தில் அவனுக்கு அந்த வாரம் முழுக்க ராப்பகலாக வேலை, வீட்டுக்குத் தூங்க மட்டும் போனான், பார்க்க முடியவில்லை.

புதன்கிழமை சம்பந்தியம்மா உர்சுலா வந்தார். நான் கோட்டு மாட்டிக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருந்தேன். கல்யாணத்தை முறிக்க வருகிறவரை லுங்கியோடு எதிர்கொள்ள முடியாது. என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகையும் பார்த்து வைத்திருந்தேன்.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. நேராக ரூபியிடம் போய் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு முத்தமிட்டார்.

"சம்பந்தி, நான் நிறுத்த வந்தேன்னு பயந்துட்டீங்களா? ஆண்டவர் தொட்ட பிள்ளை என் வீட்டுக்கு வருதுன்னா அது எங்க பாக்கியம்லா" என்றார்.

சலேத்மேரி அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, சங்கடமாக இருந்தது. அவமானத்துக்குத் தயாராக இருந்தவனிடம் ஆராதனையைக் கொண்டுவந்து கொட்டினால் எங்கே வைப்பது? உர்சுலா பேசிக்கொண்டே போனார். மாமனாரின் கால்புண்ணை ரூபி தினமும் தொட்டுச் செபிக்க வேண்டும். சனிக்கிழமைகளில் காத்தோங் வீட்டு ஹாலில் உட்கார வேண்டும். பங்கு ஆட்கள் வருவார்கள், ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. கல்யாணத்தன்றே ஜோகூரிலிருந்து ஒரு வேனில் நோயாளிகள் வருகிறார்கள். என் மகளை மருமகளாகக் கொடுக்கத்தான் சம்மதித்தேன், மருந்துக்கடையாக அல்ல என்று சொல்ல வாயெடுத்தேன். ரூபி முந்திக்கொண்டாள்.

"அத்தை, நான் மாத்திரை சாப்பிடுறேன்."

"எதுக்கும்மா, தலைவலிக்கா?"

"வலிப்புக்கு. தினமும் ராத்திரி. இன்னமும் சாப்பிடுறேன்."

உர்சுலா என்னைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப குணமாகலையா?"

"ரெண்டு வருஷமா வரலை, அத்தை. ஆனா மாத்திரையை விடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"அதிசயம்னா அதிசயம். மாத்திரைன்னா மாத்திரை. ரெண்டும் எப்படி?" என்றார். பிறகு மெல்லத் தம் கைகளை உருவிக்கொண்டார். உருவியதோடு நில்லாமல், தெரிந்தோ தெரியாமலோ, புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார். கால்மணி நேரத்துக்கு முன் அவர் முத்தமிட்டது ரூபியின் அதே கைகளைத்தான்.

நோயை மறைத்து ஏமாற்றிவிட்டோம் என்று அவர் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். நோய் இருந்தது என்பது அவருக்கு வியாழக்கிழமையிலிருந்தே தெரியும். அதற்காகச் சண்டைக்கு அவர் வரவில்லை. கடவுள் தீர்த்துவைத்த வலிப்பு என்றால் பெருமை. டாக்டர் கட்டுக்குள் வைத்திருக்கும் வலிப்பு என்றால் கேவலம். அதே பெண், அதே வலிப்பு. இந்த நியாயத்தை யார் எழுதி வைத்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை மாலை சுவிசேஷமுத்து வந்தார். பஸ் ஓட்டுபவர், வேலை முடிந்து சீருடையோடு வந்திருந்தார். கெட்ட மனிதர் அல்ல. ஒரு காசு வாங்காதவர். அவரிடம் ஒரு யோசனை இருந்தது, உர்சுலாவும் அதற்குச் சம்மதித்துவிட்டாராம். சனிக்கிழமை கூட்டத்தில் ரூபி எல்லார் முன்னிலையிலும் மாத்திரைப் புட்டியைச் சிலுவைக்குக் கீழே வைத்துவிட வேண்டும். காத்தோங்கிலிருந்து எல்லாரும் வந்து பார்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஓலை தடையில்லாமல் வாசிக்கப்படும். இல்லாவிட்டால் உர்சுலா சாமியாரிடம் போய் நிறுத்தச் சொல்வார்.

"விட்டுட்டு மறுபடி விழுந்தா?" என்று கேட்டேன்.

"விழமாட்டா, ஐயா."

"விழுந்தா யாரு பிடிப்பா? நீங்க பஸ்ஸ ஓட்டிட்டு இருப்பீங்க."

"விசுவாசம் வேணும், ஐயா."

என் மனைவி என் சட்டைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சமையலறை வாசலில் நின்ற ரூபியும் அதைத்தான் பார்த்தாள். அந்த மனிதர் கேட்டது ஒரு சின்னப் புட்டி. அதைக் கொடுத்தால் நான் இத்தனை வருஷம் காத்த எல்லாம் என் கைக்குத் திரும்ப வந்துவிடும். கல்யாணம் நடக்கும், பெயர் நிற்கும், மாதா சபை எங்கள் பெஞ்சுக்குத் திரும்பும். விலையாக அவர்கள் கேட்டது ரூபியின் தலை.

"அப்பா, நீங்க என்ன சொல்றீங்க?" என்றாள் ரூபி.

நான் எழுந்து கதவைத் திறந்தேன். "பிரதர், லிஃப்ட் வலது பக்கம் இருக்கு."

"கல்யாணம் நின்னுடும், ஐயா."

"நிக்கட்டும்" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. பக்கத்து வீட்டில் ரத்தினம்மா ரேடியோவைக் குறைப்பது கேட்டது.

சலேத்மேரி அன்று என்னுடன் பேசவில்லை. ஆனால் மறுநாள் சாப்பாடு முடிந்ததும் ரூபிக்குத் தண்ணீர் கொண்டுவந்தவள் அவள்தான். இரண்டு வருஷத்தில் அதுவரை அவள் அந்த வேலைக்குக் கிட்டே வந்ததில்லை. கிளாஸை மேஜைமேல் வைத்துவிட்டு, ரூபி விழுங்கும்வரை அங்கேயே நின்றாள்.

ஞாயிறு பூசைக்கு முன்னால் சாமியார் எங்களைப் பூசை உடுப்பு மாற்றும் அறைக்கு அழைத்தார். உர்சுலா ஏற்கெனவே அங்கே இருந்தார். அலெக்சாண்டரும் இருந்தான், வேலையிலிருந்து நேராக வந்தவன், கண் சிவந்திருந்தது. அவனுக்கு எல்லாம் அன்று காலையில்தான் அவன் அம்மா சொல்லித் தெரிந்திருக்கிறது. சாட்சி, கை, மாத்திரை, எல்லாம் ஒரே மூச்சில்.

உர்சுலா சாமியாரிடம் முறையிட்டார். "ஃபாதர், ஆண்டவர் பாதிக் குணம் கொடுப்பாரா?"

சாமியாருக்குப் பூசை நேரம் ஆகிக்கொண்டிருந்தது. அவரும் என்னைப் போலவே அலுத்துப்போயிருந்தார் என்று நினைக்கிறேன். "ஏம்மா, நீங்க செபப்புத்தகத்தைக் கண்ணாடி போட்டுத்தானே படிக்கிறீங்க? அதை யாரு கொடுத்தா?" என்றார். வலிப்பு திருமணத்துக்குத் தடையாகாது என்றும், மணமகனுக்குத் தெரியாமல் மறைத்திருந்தால்தான் அவர் யோசிக்க வேண்டியிருக்கும் என்றும், இப்போது அவனுக்குத் தெரிந்துவிட்டதால் அவன் சொல்வதுதான் கணக்கு என்றும் சொன்னார். எல்லாரும் அலெக்சாண்டரைப் பார்த்தோம். நான் பார்க்கவில்லை என்று காட்டிக்கொள்ளச் சுவரில் சிலுவையில் தொங்கிய பாடுபட்ட சுரூபத்தைப் பார்த்தேன்.

அவன் ரூபியைத்தான் பார்த்தான். கோபம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். "நீ எங்கிட்ட சொல்லியிருக்கலாம்" என்றான்.

"சொல்லியிருக்கணும்" என்றாள் ரூபி. யார் சொல்லவிடவில்லை என்பதை அவள் சொல்லவில்லை.

"மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடி."

"எனக்கு நைட் ஷிஃப்ட் இருக்கிற நாள்ல நீயேதான் ஞாபகம் வச்சுக்கணும்."

"நான் ஒண்ணும் குழந்தை இல்லலா" என்றாள்.

அவ்வளவுதான். அந்த ஒரு வாரத்தில் என் வீட்டு வாசலில் எத்தனை பேர் வந்து நின்றார்கள்! பயந்தவர்கள், கும்பிட்டவர்கள், வேன் கொண்டுவந்தவர்கள், புட்டியைக் கேட்டவர்கள். மாத்திரை எப்போது சாப்பிட வேண்டும் என்று கேட்டவன் இவன் ஒருவன். உர்சுலா வெளியே போய் வேறு பெஞ்சில் உட்கார்ந்தார். மூன்றாவது ஓலை வாசிக்கப்பட்டது. தடை அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று சாமியார் வாசித்துவிட்டு வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் நிறுத்தினார். இருமல் சத்தம் கேட்டது. வேறொன்றும் இல்லை.

கல்யாண விருந்து ராத்திரி, பங்கு மண்டபத்தில். சமையல்காரர் அப்துல் காதரின் பிரியாணி; அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வந்தவர்களில்தான் இரண்டு ஜாதி. மேடைக்கு வந்து அன்பளிப்பைக் கொடுத்துவிட்டு ரூபியைத் தொடாமல் அலெக்சாண்டருக்கு மட்டும் கைகொடுத்துவிட்டு இறங்கியவர்கள் ஒரு பக்கம். அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் கண்ணை மூடி முணுமுணுத்தவர்கள் இன்னொரு பக்கம். இரண்டாவது கூட்டம் வரிசையை நிறுத்திவிட்டதால் பிரியாணி ஆறியது. சுவிசேஷமுத்து வந்தார், ஆசி சொன்னார், என் பக்கம் வரவில்லை. ஜோகூர் வேனை நான் வரவிடவில்லை. உர்சுலா எதிர்மேஜையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் கணவர் கட்டுப்போட்ட காலை நாற்காலிமேல் நீட்டிக்கொண்டு, எந்தக் கவலையும் இல்லாமல் இரண்டாவது தட்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

சாப்பாடு முடிந்ததும் ரூபி மேடையிலிருந்து இறங்கினாள். வெள்ளைப் பட்டுப் புடவையைத் தரையில் இழுபடாமல் ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேஜைகளுக்கு நடுவே என்னிடம் வந்தாள். என் கை தானாகக் கோட்டுப்பைக்குள் போய் மூடியைத் திருகத் தொடங்கியிருந்தது. தண்ணி வேணுமா என்று கேட்பாள், கிளாஸை நீட்டுவாள் என்று பார்த்தேன். அவள் கையில் கிளாஸ் இல்லை.

"அப்பா, மாத்திரை" என்றாள்.

மெதுவாகச் சொல்லவில்லை. என் மேஜையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆனி குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். நான் பழக்கத்தில் ஜன்னலுக்கு முதுகைக் காட்டத் திரும்பினேன். அங்கே ஜன்னல் எதுவும் இல்லை. உர்சுலாவின் மேஜைதான் இருந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மேஜை இருந்தது.

புட்டியை வெளியே எடுத்தேன். ஒரு மாத்திரையை அவள் உள்ளங்கையில் வைத்தேன். அவள் என் ஆரஞ்சு கிளாஸை எடுத்து, தலையை அண்ணாந்து, எல்லாரும் பார்க்க விழுங்கினாள். பிறகு புட்டியையும் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய், மேடையில் கேக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அலெக்சாண்டருக்கு அருகில் உட்கார்ந்தாள்.

அங்கே, விளக்கு வெளிச்சத்தில், எல்லாருக்கும் தெரியும்படி வைக்க வேண்டுமா? கைப்பை என்று ஒன்று எதற்கு இருக்கிறது? எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் எழுந்து போய் எடுக்கவில்லை. முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, என்னையே பார்த்துக்கொண்டிருந்த மேஜையை ஒரு முறை சுற்றிப் பார்த்தேன். ஒவ்வொருவராகத் தட்டுக்குக் குனிந்தார்கள். ஆறிப்போன பிரியாணியை நானும் சாப்பிட்டு முடித்தேன்.